நிலவு பூமியிலிருந்து பிரிந்ததா? கடலின் ஏற்றவற்றத்தில் விடை தேடிய ஜார்ஜ் டார்வின்

திருப்பதி: திருமலைக்கு ஏறும் மலைப்பாதையில், பேருந்தின் சன்னலோரம் அமர்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் கவனிக்காத ஒரு கோடு பாறைச் சரிவில் ஓடுகிறது. கோட்டுக்குக் கீழே இருப்பது மிகப் பழமையான கிரானைட் பாறை. மேலே படுக்கை படுக்கையாக அடுக்கப்பட்டிருப்பது அதைவிட வயது குறைந்த குவார்ட்சைட் பாறை. இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தாலும் அவை உருவான காலங்களுக்கு இடையே குறைந்தது 50 கோடி ஆண்டு இடைவெளி உண்டு. இந்திய புவியியல் ஆய்வு மையம் இந்த இடத்தைத் தேசிய புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்துள்ளது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில், நிலவின் வயதை முதன்முதலாகக் கணித முறையில் கணக்கிட்டவர் அதற்கு அளித்த விடை ஏறத்தாழ ஐந்தரைக் கோடி ஆண்டுகள். திருமலைச் சரிவில் ஒரு விரற்கடையில் கடந்துவிடக்கூடிய அந்தக் கோட்டுக்குள்ளேயே அவருடைய நிலவு ஒன்பது முறை பிறந்து முடிந்திருக்கும். அவர் பெயர் ஜார்ஜ் ஹோவர்டு டார்வின். பரிணாமக் கோட்பாட்டை வகுத்த சார்லஸ் டார்வினின் மகன்.

விடை தவறு என்பது இன்று அனைவருக்கும் தெரியும். நிலவின் வயது ஏறக்குறைய 450 கோடி ஆண்டுகள். ஆனாலும் நிலவின் தோற்றம் குறித்த அறிவியல் வரலாறு எங்கு எழுதப்பட்டாலும் அது ஜார்ஜ் டார்வினிடமிருந்தே தொடங்குகிறது. அவருடைய கணக்கில் இந்தியத் துறைமுகங்களின் கடல்மட்டப் பதிவுகளுக்கும் ஒரு முக்கியப் பங்கு இருந்தது என்பது நம் நாட்டில் அதிகம் பேசப்படாத செய்தி.

மாமன் மகள் திருமணத்தை ஆராய்ந்த மகன்

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் உள்ள டவுன் என்ற சிற்றூரில் 1845 ஜூலை 9ஆம் தேதி ஜார்ஜ் பிறந்தார். சார்லஸ் - எம்மா தம்பதியின் ஐந்தாவது குழந்தை; இரண்டாவது மகன். பள்ளியில் அவருக்குக் கணிதம் கற்பித்த சார்லஸ் பிரிட்சர்டு பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டில் வானியல் பேராசிரியரானவர். கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்த ஜார்ஜ், 1868இல் கணிதத் தேர்வில் இரண்டாம் இடம் பெற்று 'செகண்ட் ராங்லர்' ஆனார். அதன் பிறகு சட்டம் படித்து பாரிஸ்டராகவும் தகுதி பெற்றார். ஆனால் உடல்நலம் இடம் கொடுக்கவில்லை. தந்தையைப் போலவே அவரையும் வயிற்றுக் கோளாறும் சோர்வும் இளமையிலிருந்தே தொடர்ந்தன. 1873இல் நீதிமன்றத்தை மறந்து கேம்பிரிட்ஜுக்குத் திரும்பினார்.

அவருடைய தொடக்ககால ஆய்வுகளில் ஒன்று தமிழ், தெலுங்கு வாசகர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது. சார்லஸ் டார்வின் மணந்த எம்மா, அவருடைய தாய்மாமன் மகள். நம் ஊர் வழக்கில் சொன்னால் முறைப்பெண். நெருங்கிய உறவில் மணந்ததால்தான் பிள்ளைகள் நோயாளிகளாக இருக்கிறார்களோ என்ற அச்சம் சார்லஸை வாழ்நாள் முழுவதும் வாட்டியது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உறவுமுறைத் திருமணம் பற்றிய கேள்வியைச் சேர்க்க வேண்டும் என்று அவர் முயன்றார், நாடாளுமன்றம் ஏற்கவில்லை. அந்தக் கேள்வியை மகன் தம் கையில் எடுத்துக்கொண்டார். நாளிதழ்களில் வெளிவந்த திருமண அறிவிப்புகளில் மணமகனும் மணமகளும் ஒரே குடும்பப் பெயர் கொண்டிருக்கும் விகிதத்தை எண்ணி, அதிலிருந்து உறவுத் திருமணங்களின் எண்ணிக்கையை மதிப்பிட்டார். 1875இல் வெளியான ஆய்வு, தீங்கு பலர் அஞ்சிய அளவுக்கு இல்லை என்ற முடிவுக்கு வந்தது. குடும்பப் பெயர்களை வைத்துக் கணக்கிடும் அந்த முறையை மக்கள்தொகை மரபியலாளர்கள் இன்றும் பயன்படுத்துகின்றனர்.

நாள் நீள்கிறது, நிலவு விலகுகிறது

பூமியின் சுழல் அச்சு பற்றி 1876இல் ஜார்ஜ் எழுதிய கட்டுரை, அக்காலத்தின் மாபெரும் இயற்பியலாளரான வில்லியம் தாம்சனின் (பின்னாளில் கெல்வின் பிரபு) கவனத்தை ஈர்த்தது. இருவரிடையே ஏற்பட்ட நட்பு தாம்சனின் இறுதிக் காலம் வரை நீடித்தது. 1878 முதல் 1881 வரையிலான சில ஆண்டுகளில் ராயல் சொசைட்டிக்கு ஜார்ஜ் வரிசையாக அளித்த நீண்ட கட்டுரைகளே அவருக்கு அறிவியல் வரலாற்றில் இடம் தேடித் தந்தன. 1879இல் அவர் அந்தச் சங்கத்தின் உறுப்பினரானார்.

அவர் கையாண்ட கருத்து எளிமையானது. நிலவின் ஈர்ப்பால் பூமியின் கடலும் நிலமும் சற்றே உப்புகின்றன. நிலவு பூமியைச் சுற்றிவர ஏறத்தாழ ஒரு மாதம் எடுத்துக்கொள்ள, பூமியோ ஒரே நாளில் தன்னைத்தானே சுற்றிவிடுகிறது. இதனால் அந்த உப்பல் நிலவுக்கு நேர் கீழே நில்லாமல் சற்று முன்னே இழுத்துச் செல்லப்படுகிறது. விளைவுகள் இரண்டு. சுழலும் குயவர் சக்கரத்தின் மீது உள்ளங்கையை வைத்தாற்போல் பூமியின் சுழற்சி வேகம் மெல்லக் குறைகிறது, நாள் நீள்கிறது. முன்னே தள்ளி நிற்கும் உப்பல் நிலவைத் தன் பாதையில் முன்னோக்கி இழுப்பதால், நிலவு ஆற்றல் பெற்று விலகிச் செல்கிறது. பூமி இழக்கும் சுழற்சியை நிலவு பெற்றுக்கொள்கிறது. மொத்தக் கணக்கு மாறுவதில்லை.

ஓத உராய்வு பூமியின் சுழற்சியைத் தடுக்கும் என்பதை ஜெர்மானியத் தத்துவஞானி கான்ட் 18ஆம் நூற்றாண்டிலேயே ஊகித்திருந்தார். ஜார்ஜ் செய்தது வேறு. கடிகாரத்தைப் பின்னோக்கி ஓடவிட்டார். பின்னோக்கிச் செல்லச் செல்ல நாளும் மாதமும் சுருங்கின; நிலவு நெருங்கி வந்தது. முடிவில், நாளும் மாதமும் ஒன்றாகி, இரண்டுமே ஐந்தரை மணி நேரத்தை ஒட்டி நிற்கும் ஒரு நிலையை அவருடைய சமன்பாடுகள் காட்டின. அப்போது பூமியின் மேற்பரப்புக்கும் நிலவுக்கும் இடையே இருந்திருக்கக்கூடிய தூரம் சுமார் 10,000 கிலோமீட்டர் மட்டுமே. இன்று பூமியின் மையத்திலிருந்து நிலவின் சராசரித் தூரம் 3,84,400 கிலோமீட்டர்.

அத்தனை நெருக்கத்தில் இருந்த இரு பொருள்கள் அதற்கும் முன்பு ஒன்றாகவே இருந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் எழுவது இயல்பு. உருகிய நிலையில் இருந்த பூமி வேகமாகச் சுழன்றபோது அதன் ஒரு பகுதி பிய்ந்து நிலவானது என்பதே ஜார்ஜ் டார்வினின் 'பிளவுக் கோட்பாடு'. அதற்கு ஒரு தடை இருந்ததை அவரே கண்டார். பூமியையும் நிலவையும் மீண்டும் ஒன்றாகச் சேர்த்தாலும், கிடைக்கும் சுழற்சி வேகம் உருகிய கோளைப் பிளக்கப் போதாது. குறையை ஈடுகட்ட அவர் சூரியனைத் துணைக்கு அழைத்தார். ஊஞ்சலை அது ஆடும் தாளத்திற்கு ஏற்பத் தள்ளினால் சிறு விசையே பெரிய வீச்சை உண்டாக்கும் அல்லவா? அதுபோல, சூரியன் எழுப்பும் ஓதத்தின் தாளமும் உருகிய பூமியின் இயல்பான அதிர்வுத் தாளமும் ஒருகட்டத்தில் ஒத்துப்போக, உப்பல் வளர்ந்து வளர்ந்து பிளந்திருக்கலாம் என்றார். ஓத உராய்வு பற்றிய கணக்கில் அவருக்கு இருந்த உறுதி இந்த இறுதிப் படியில் இல்லை. அதை ஊகம் என்று குறிப்பிடவும் அவர் தயங்கவில்லை. பின்னால் வந்தவர்கள் அந்தத் தயக்கத்தை விட்டுவிட்டனர். நிலவு பிய்ந்த இடத்தின் வடுவே பசிபிக் பெருங்கடல் என்று 1882இல் ஆஸ்மண்ட் ஃபிஷர் என்ற புவியியலாளர் எழுதியது பள்ளிப் பாடங்கள் வரை பரவியது.

பதினைந்து நாள் அலை சொன்ன செய்தி

இங்குதான் இந்தியக் கடற்கரை கதைக்குள் வருகிறது. இந்திய நில அளவைத் துறை 1870களில் துறைமுகங்களில் தானியங்கி ஓத அளவிகளை நிறுவத் தொடங்கியது. மேஜர் பெயர்டு என்ற அதிகாரியின் மேற்பார்வையில் கராச்சி, மும்பை, சென்னை, பாம்பன், நாகப்பட்டினம், விசாகப்பட்டினம் எனப் பல இடங்களில் கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம் இரவு பகலாகக் காகிதத்தில் பதியப்பட்டது. உலகில் அன்று கிடைத்த மிகச் சிறந்த ஓதப் பதிவுகளில் அவையும் அடங்கும். 1883 ஆகஸ்டில் கிரகட்டோவா எரிமலை வெடித்தபோது எழுந்த ஆழிப்பேரலையையும் இந்த அளவிகள் பதிவு செய்தன.

தாம்சனின் வேண்டுகோளின் பேரில், இங்கிலாந்து, பிரான்ஸ், இந்தியா ஆகிய நாடுகளின் துறைமுகங்களில் திரட்டப்பட்ட 33 ஆண்டுப் பதிவுகளை ஜார்ஜ் ஆராய்ந்தார். தேடியது நாள்தோறும் இருமுறை வரும் ஓதத்தை அன்று. பதினைந்து நாளுக்கு ஒருமுறை எழுந்து அடங்கும் மிகச் சிறிய ஓதத்தை. பூமியின் உட்பகுதி திரவமாக இருந்தால் கடலோடு சேர்ந்து தரையும் உயர்ந்து தாழும். கரையில் நிற்கும் அளவி எந்த மாற்றத்தையும் காட்டாது. பூமி சிறிதும் வளையாத கட்டியாக இருந்தால் கணக்குப்படி வரவேண்டிய முழு உயரமும் காணப்படும். கிடைத்ததோ ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. பூமி ஒட்டுமொத்தமாக எஃகுக்கு ஈடான விறைப்புத்தன்மை கொண்டது என்பதே அதன் பொருள். நில அதிர்வு அலைகளைக் கொண்டு பூமியின் உட்புறத்தை அறியும் காலம் வருவதற்கு முன், அதன் உள்ளமைப்பைப் பற்றிக் கிடைத்த உறுதியான சான்றுகளுள் இது ஒன்று.

இந்த முடிவு அவருக்கே பாதகமானது என்பதைச் சொல்லியாக வேண்டும். அவருடைய நிலவுக் கணக்கு பூமியைத் தேன்பாகு போல் மெல்ல வளையும் பொருளாகக் கருதியது. உராய்வு பூமியின் உடலுக்குள் நிகழ்வதாகக் கொண்டது. இந்தியத் துறைமுகங்களின் பதிவுகளோ பூமியின் உடல் அவ்வளவு வளைவதில்லை என்றன. பழங்காலத்தில் பூமி இளகியிருந்திருக்கலாம் என்று வாதிட இடமிருந்தது; அவர் அப்படியே கருதினார். ஆனால் எண்களை மறைக்கவோ மழுப்பவோ இல்லை. உராய்வின் பெரும்பகுதி நிகழ்வது பூமியின் உள்ளே அன்று, ஆழமற்ற கடல்களில்தான் என்பது அவர் இறந்த பிறகு, 1919-20இல் ஜி.ஐ.டெய்லர், ஹரால்டு ஜெஃப்ரீஸ் ஆகியோரின் ஆய்வுகளால் தெளிவானது.

பெயர்டும் ஜார்ஜும் இணைந்து இந்திய ஓதங்களின் பகுப்பாய்வை 1885இல் ராயல் சொசைட்டியில் வெளியிட்டனர். ஓதத்தைப் பல சீரான அலைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எம்2, எஸ்2, கே1, ஓ1 என்று குறியீடு இடும் முறையை அவர் ஒழுங்குபடுத்தினார். இன்றைக்கும் உலகெங்கும் ஓத அட்டவணைகள் அந்தக் குறியீடுகளின் அடிப்படையிலேயே தயாராகின்றன. சென்னைத் துறைமுகத்தில் கப்பல் நுழையும் நேரத்தை முடிவு செய்வதற்கும் அதே எம்2தான் உதவுகிறது.

தந்தைக்கும் நண்பருக்கும் இடையே

பூமியின் வயது சில கோடி ஆண்டுகளே என்று கெல்வின் வாதிட்டு வந்தார். உயிரினங்கள் படிப்படியாக மாறுவதற்கு அதைவிடப் பன்மடங்கு காலம் தேவை என்பதால், அந்த வாதம் சார்லஸ் டார்வினுக்குத் தீராத தலைவலியாக இருந்தது. மகன் சொன்ன ஐந்தரைக் கோடி கெல்வினின் கட்சிக்கே வலு சேர்ப்பதாகப் பலர் எடுத்துக்கொண்டனர். உண்மையில் ஜார்ஜ் அதை ஒரு கீழ் வரம்பாகவே கூறியிருந்தார். அதற்குக் குறைந்த காலத்தில் நிலவு இன்றைய தூரத்தை எட்டியிருக்க முடியாது என்பதுதான் அவர் கூற்று. 1882இல் சார்லஸ் காலமானபோது இந்த வழக்கு தீர்ந்திருக்கவில்லை. 1903இல் ரேடியத்தின் வெப்பம் பற்றிய செய்தி வெளியானதும், கதிரியக்கம் கெல்வினின் கால வரம்பை உடைக்கக்கூடும் என்று முதலில் சுட்டிக்காட்டியவர்களில் ஜார்ஜும் ஒருவர். நண்பர் மீது மதிப்பு குறையாமலேயே தந்தையின் பக்கம் வந்து சேர்ந்தார் எனலாம்.

1883இல் கேம்பிரிட்ஜின் புளூமியன் வானியல் பேராசிரியர் பதவி அவருக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவைச் சேர்ந்த மாட் டு பூயியை மணந்தார். அவர்களுடைய மகன் சார்லஸ் கால்டன் டார்வின் புகழ்பெற்ற இயற்பியலாளரானார். மரச்செதுக்கு ஓவியரான மகள் க்வென் ராவரட், 1952இல் எழுதிய இளமை நினைவு நூலில் அந்த வீட்டின் அன்றாடத்தை விவரித்தார். கேம் ஆற்றங்கரையில் இருந்த அந்த வீடே இன்று டார்வின் கல்லூரியின் பகுதி.

எல்லா முயற்சியும் பலித்துவிடவில்லை. நிலவின் ஈர்ப்பால் தரை சாய்வதை நேரடியாக அளக்க, தம்பி ஹொரஸுடன் சேர்ந்து 1880களின் தொடக்கத்தில் கேவண்டிஷ் ஆய்வகத்தில் ஒரு நுண்ணிய ஊசலை அமைத்தார். அறையில் ஒருவர் நிற்கும் இடத்தை மாற்றினாலே அது தடுமாறியது. தரை ஓயாமல் நடுங்கிக்கொண்டே இருந்ததால் நிலவின் குரல் அந்த இரைச்சலில் அமிழ்ந்துபோனது. வேகமாகச் சுழலும் திரவக் கோள் பேரிக்காய் வடிவம் பெற்றுப் பின் இரண்டாகப் பிரியும் என்ற பிரெஞ்சுக் கணித மேதை பாங்க்கரேயின் கருத்தைப் பற்றிக்கொண்டு பல ஆண்டுகள் உழைத்தார். அந்த வடிவம் நிலைத்து நிற்கும் என்று அவருடைய கணக்கு காட்டியது. நில்லாது என்றார் ரஷ்யாவின் லியாபுனோவ். லியாபுனோவே சரி என்பது பின்னர் ஜேம்ஸ் ஜீன்ஸின் ஆய்வால் உறுதியானது. அதைக் காண ஜார்ஜ் இல்லை.

பாஸ்டனில் 1897இல் பொதுமக்களுக்கு ஆற்றிய உரைகள் மறு ஆண்டு நூலாக வந்தன. ஓதங்கள் பற்றிய அந்நூல் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. 1905இல் சர் பட்டம், 1911இல் ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கம் எனச் சிறப்புகள் வந்தன. 1912 ஆகஸ்டில் கேம்பிரிட்ஜில் கூடிய உலகக் கணிதவியலாளர் மாநாட்டுக்குத் தலைமை ஏற்றபோதே அவரைப் புற்றுநோய் பற்றியிருந்தது. அதே ஆண்டு டிசம்பர் 7ஆம் தேதி, 67ஆவது வயதில் காலமானார்.

கோட்பாட்டின் வீழ்ச்சியும் மிச்சமும்

1930இல் ஜெஃப்ரீஸ், உருகிய பூமியின் உள் உராய்வே அந்த 'ஊஞ்சல்' வீச்சை வளரவிடாமல் தடுத்துவிடும் என்று காட்டினார். பிளவுக் கோட்பாட்டுக்கு அது பேரிடி. ஜார்ஜ் அமர்ந்த அதே புளூமியன் இருக்கையில் 1946இல் ஜெஃப்ரீஸ் அமர்ந்தது ஒரு வினோதம். வேறெங்கோ உருவான நிலவைப் பூமி ஈர்த்துப் பிடித்தது என்றும், இரண்டும் அருகருகே ஒரே தூசுத் திரளிலிருந்து உருவாயின என்றும் இரு மாற்றுக் கோட்பாடுகள் நிலவின. மூன்றில் எதையும் சான்றால் வெல்லவோ வீழ்த்தவோ முடியாத நிலை, அப்பல்லோ விண்வெளி வீரர்கள் 1969 முதல் 1972 வரை 382 கிலோ நிலவுக் கற்களைக் கொண்டுவரும் வரை நீடித்தது.

அந்தக் கற்கள் மூன்று கோட்பாடுகளையும் சங்கடத்தில் ஆழ்த்தின. பூமிப் பாறையிலும் நிலவுப் பாறையிலும் ஆக்சிஜன் ஐசோடோப்புகளின் விகிதம் ஒன்றாகவே இருந்தது. எங்கோ பிறந்து பிடிபட்ட நிலவு என்றால் இது பொருந்தாது. எளிதில் ஆவியாகும் தனிமங்கள் நிலவில் குறைந்து காணப்பட்டன. இரும்புக் கருவும் மிகச் சிறியது. 1975இல் ஹார்ட்மன், டேவிஸ் இருவரும், மறு ஆண்டு கேமரன், வார்டு இருவரும் முன்வைத்த விடை, இளம் பூமியின் மீது செவ்வாய் அளவிலான ஒரு கோள் மோதி, தெறித்த குழம்பு திரண்டு நிலவானது என்பது. மோதிய அந்தக் கோளுக்குப் பின்னர் தியா என்று பெயரிட்டனர். ஹவாயில் 1984இல் நடந்த மாநாட்டுக்குப் பிறகு பெரும்பாலான அறிவியலாளர்கள் இக்கோட்பாட்டின் பக்கம் சாய்ந்தனர்.

ஆனாலும் டார்வின் முற்றிலும் விடைபெற்றுவிடவில்லை. மோதலில் தெறித்தது பெரும்பாலும் தியாவின் பொருள் என்றால், நிலவு பூமியை இவ்வளவு ஒத்திருப்பது ஏன் என்ற கேள்வி எஞ்சியது. மோதலின்போது பூமி இரண்டு மூன்று மணி நேரத்திற்கு ஒரு சுற்று என்ற பெருவேகத்தில் சுழன்றிருந்தால், பூமியின் பொருளே அதிகம் வெளியே வீசப்பட்டிருக்கும் என்று 2012இல் சூக், ஸ்டூவர்ட் ஆகியோர் கணித்துக் காட்டினர். பிளவை நெருங்கிச் சுழலும் பூமி என்ற பழைய படம் புதிய சட்டகத்தில் திரும்பி வந்தது. அப்பல்லோ வீரர்கள் நிலவில் வைத்த கண்ணாடிகளில் லேசர் ஒளியைப் பாய்ச்சி அளந்ததில், நிலவு ஆண்டுக்கு 3.8 செ.மீ. விலகிச் செல்வது உறுதியானது. திசையும் காரணமும் அவர் சொன்னவையே.

அவர் கற்பனை செய்த உருகிய தொடக்கத்திற்கான சான்று, திருப்பதி மாவட்டத்தின் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட கலங்கள் வழியாகவும் கிடைத்திருக்கிறது. பிறந்த புதிதில் நிலவின் மேற்பரப்பு முழுவதும் பாறைக் குழம்புக் கடலாக இருந்ததாகவும், எடை குறைந்த கனிமங்கள் அதில் மிதந்து உறைந்து வெளிர்நிற அனார்தோசைட் மேலோடாயின என்றும் அறிவியலாளர்கள் கருதுகின்றனர். 2008 அக்டோபர் 22இல் ஏவப்பட்ட சந்திரயான்-1 கொண்டுசென்ற கருவி அத்தகைய பாறையை நிலவில் கண்டறிந்தது. 2023 ஜூலை 14இல் கிளம்பிய சந்திரயான்-3 ஆகஸ்ட் 23இல் தென்துருவப் பகுதிக்கு அருகே இறங்க, பிரக்யான் ஊர்தி 103 மீட்டர் தூரத்தில் 23 இடங்களில் மண்ணைச் சோதித்தது. அந்த மண்ணின் கலவை குழம்புக் கடல் கருத்தோடு ஒத்துப்போவதாக அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் தலைமையிலான குழு 2024 ஆகஸ்டில் நேச்சர் இதழில் வெளியிட்டது. சந்திரயான்-2 தரையிறங்கும் சோதனைகளுக்கான செயற்கை நிலவு மண், நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி பகுதியில் கிடைக்கும் அனார்தோசைட்டை அரைத்தே தயாரிக்கப்பட்டது.

திருப்பதிக்கும் சித்தூருக்கும் இடையே காதங்கியில் உள்ள தேசிய வளிமண்டல ஆராய்ச்சி ஆய்வகம், கடலைப் போலவே காற்றுமண்டலத்திலும் எழும் ஓதங்களை ரேடார் மூலம் ஆராய்கிறது. ஏவுதளத் தீவின் ஒரு புறம் வங்கக்கடல். மறுபுறம் ஆந்திரமும் தமிழகமும் பகிர்ந்துகொள்ளும் பழவேற்காடு ஏரி. அதன் முகத்துவாரம் வழியே நாளுக்கு இருமுறை ஏறி வற்றும் கடல்நீரை அட்டவணைப்படுத்தும் கணக்கிலும் முதலில் வருவது ஜார்ஜ் டார்வின் எம்2 என்று குறித்த அதே அலைதான்.